‘சர்ட்டிஃபைடு’ ஸ்போர்ட்ஸ் கார்: பொறுப்பு யார் தலையில்?

பெரிய பெயர், பாதி விலை, அதற்கு மேல் ஒரு முத்திரை... பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன் பார்க்க வேண்டிய மூன்று சான்றுகளும், அவற்றின் செலவுக் கணக்கும்!

விம்கோ நகர் மெட்ரோ நிலையத்திலிருந்து எண்ணூர் பக்கம் போகிற எவருக்கும் வண்டிகளைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1949-ல் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கி, பிறகு அசோக் லேலண்டாக வளர்ந்த தொழிற்சாலை எண்ணூரில் இருக்கிறது. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யக் கொட்டகை போட்ட திருவொற்றியூரில்தான் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி பிறந்தது. புல்லட்டைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த ராயல் என்ஃபீல்டு ஆலையும் இதே ஊர்தான். இன்னும் வடக்கே போனால் காமராஜர் துறைமுகம். டிரெய்லர்களில் அடுக்கிவரும் புதுக் கார்கள் அங்கே கப்பல் ஏறுகின்றன.

வேகத்துக்கும் இந்தப் பக்கம் அந்நியமில்லை. ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வருவதற்கு முந்தைய காலம் அது.

அப்போது ஸ்போர்ட்ஸ் காரை வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்களின் பிள்ளைகள், இப்போது அதை செல்போனில் விலை பார்க்கிறார்கள். கன்டெய்னர் லாரி ஓட்டும் குடும்பம், கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பும் இளைஞர், துறைமுக கான்ட்ராக்ட் எடுப்பவர் என்று ஆசைப்படுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆசைக்குக் காரணமும் இருக்கிறது. கோடிக்கு மேல் விற்ற இரண்டு கதவு ஜெர்மன் கார், எட்டு பத்து வருடம் கழித்து ஒரு புது எஸ்.யூ.வி. விலைக்கு வந்து நிற்கிறது. விளம்பரத்தில் வழக்கமான நாலு வார்த்தைகள்: ‘சிங்கிள் ஓனர், ஷோரூம் டிராக், நான்-ஆக்ஸிடென்ட், சர்ட்டிஃபைடு.’

முதல் மூன்றையும் சரிபார்க்க வழி இருக்கிறது. நான்காவதுதான் வில்லங்கம். சர்ட்டிஃபைடு என்று யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது, நாளை எஞ்சின் புகைந்தால் யார் பணம் கட்டுவது? பழைய கார் சந்தையில் மூன்று வெவ்வேறு சான்றுகள் உலவுகின்றன. ஒன்று டீலருக்கு அரசு கொடுப்பது. இன்னொன்று காருக்குக் கம்பெனி கொடுப்பது. மூன்றாவது, ஆர்.சி. புத்தகம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

முதல் சான்று: டீலர் யார்?

நீண்ட காலமாக, பழைய கார் விற்பவருக்குச் சட்டத்தில் தனி இடமே இல்லாமல் இருந்தது. வாடகைக்கு ஒரு காலி மனை, மேலே ஒரு ஃபிளெக்ஸ், கூடவே வெற்று ஃபாரங்களில் வாங்கிவைத்த கையெழுத்து. இவ்வளவு இருந்தால் கடை திறந்துவிடலாம். விற்றவர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வாங்குபவர் கிடைக்கும்வரை வண்டி விற்றவர் பெயரிலேயே ஊர் சுற்றும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, இதற்கு ஒரு முறை வகுத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதன்படி, பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் ஃபாரம் 29ஏ-வில் விண்ணப்பித்து, ஃபாரம் 29பி-யில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். சான்றின் ஆயுள் ஐந்து ஆண்டுகள்.

அடுத்தது முக்கியம். உரிமையாளர் வண்டியை டீலரிடம் ஒப்படைக்கும்போது, ஃபாரம் 29சி மூலம் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது பதிவானதும், விற்பனை முடியும்வரை அந்த வண்டிக்கு டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். விபத்து, சலான், வழக்கு எல்லாம் அவர் பொறுப்பு. பெயர் மாற்றம், என்.ஓ.சி., ஆர்.சி. புதுப்பிப்பு போன்றவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். வண்டியைத் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்டு சுற்ற அவருக்கு உரிமையில்லை. டெஸ்ட் டிரைவ், பழுதுபார்ப்பு, பெயின்ட், பரிசோதனை, காட்சிக்கு வைத்தல் ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். ஒவ்வொரு முறை எடுத்ததையும் மின்னணுப் பயணப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் காரைப் பொறுத்தவரை இந்தப் பதிவேடு வெறும் சம்பிரதாயம் இல்லை. விற்பனைக்கு நிற்கும் வேகமான கார் என்றால், கடைப் பையன் முதல் ‘பார்ட்டி’யின் மச்சான் வரை எல்லோருக்கும் ஒரு ரவுண்டு போய்வர ஆசை. அந்த ரவுண்டுகளில்தான் கிளட்ச் தேய்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 29பி வைத்திருக்கும் டீலர் அரசுக்குத் தெரிந்த ஆள். அவ்வளவுதான். அவர் விற்கும் காரின் எஞ்சின் நல்லதா, மீட்டர் உண்மையா என்பதற்கு அந்தக் காகிதம் எந்த உறுதியும் தருவதில்லை.

இரண்டாவது சான்று: காருக்கு என்ன பார்த்தார்கள்?

காருக்கான சான்றைப் பெருமளவில் இந்தியச் சந்தைக்குப் பழக்கியது மாருதியின் ‘ட்ரூ வேல்யூ’. 2001-ல் தொடங்கியது. இன்று சொகுசுக் கார் கம்பெனிகளும் தனித்தனித் திட்டம் வைத்திருக்கின்றன. பி.எம்.டபிள்யூ.வுக்கு ‘பிரீமியம் செலக்‌ஷன்’, ஆடிக்கு ‘அப்ரூவ்டு ப்ளஸ்’, போர்ஷேவுக்கு ‘போர்ஷே அப்ரூவ்டு’. இவை தவிர, பல பிராண்டுகளை ஒரே கூரையில் விற்கும் பெரிய கடைகளும் ஆன்லைன் நிறுவனங்களும் தங்கள் சொந்த முத்திரையைக் குத்துகின்றன.

எல்லோரும் முதலில் சொல்வது ஒரு எண். ட்ரூ வேல்யூவில் 376 அம்சப் பரிசோதனை. போர்ஷே அப்ரூவ்டில் 111. அப்படியானால் நாலரை லட்ச ரூபாய் ஸ்விஃப்ட்டை மும்மடங்கு உன்னிப்பாகப் பார்க்கிறார்களா? நான்கு கதவு பீடிங்கை நான்கு வரியாக எழுதினால் நான்கு அம்சம்; ஒரே வரியில் எழுதினால் ஒன்று. எண்ணிக்கையை வைத்துப் பரிசோதனையின் ஆழத்தை அளக்க முடியாது. கேட்க வேண்டியது, கையெழுத்துப் போட்ட அந்தப் பட்டியலின் நகலை. ‘அது உள் ஆவணம் சார்’ என்று இழுத்தால், அந்தச் சான்று சுவரில் மாட்டத்தான் உதவும்.

சாதாரணக் காரைப் பார்ப்பதற்கும் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் குறைவாக ஓடியிருக்கும். ஆனால் எப்படி ஓடியது என்பதுதான் கேள்வி. மீட்டரில் தெரியும் கிலோமீட்டர் இதற்குப் பதில் சொல்லாது. எஞ்சினின் கணினி சொல்லும்.

போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, வரம்பை நெருங்கியும் மீறியும் எஞ்சின் சுழன்ற தருணங்களை அடுக்கு அடுக்காகப் பதிந்துவைக்கிறது. புதிய தலைமுறைகளில் ஆறு அடுக்குகள். கீழ் அடுக்குகள், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து லிமிட்டரைத் தொட்டதைக் காட்டும். ஸ்போர்ட்ஸ் காரில் அது சகஜம். மேல் அடுக்குகளில் எண் இருந்தால் விஷயம் வேறு. ஐந்தாவது கியருக்குப் போக வேண்டிய கை மூன்றாவதில் விழுந்து, சக்கரமே எஞ்சினை வரம்பு தாண்டிச் சுழற்றியிருக்கிறது என்று பொருள். அதை எந்த லிமிட்டராலும் தடுக்க முடியாது. வால்வும் கனெக்டிங் ராடும் அடி வாங்கியிருக்கலாம். அது எஞ்சினின் எத்தனையாவது இயங்கு மணியில் நடந்தது என்றுகூடக் கணினியில் இருக்கும். நூறு மணி நேரத்துக்கு முன்பா, ஆயிரம் மணி நேரத்துக்கு முன்பா என்று பார்த்துத்தான் ஒரு கார் சான்றுக்குத் தேறுமா என முடிவு செய்கிறார்கள்.

அந்த இயங்கு மணிக் கணக்கு இன்னொரு திருட்டையும் காட்டிக்கொடுக்கும். மீட்டரில் 40,000 கிலோமீட்டர், கணினியில் 2,000 மணி நேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். சென்னை நெரிசலுக்கு நம்பக்கூடிய கணக்கு. அதே 40,000-க்கு 4,500 மணி நேரம் காட்டினால் சராசரி ஒன்பதைக்கூடத் தொடவில்லை. அந்தக் கார் வாழ்நாள் முழுக்க டோல்கேட் வரிசையிலேயே நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ மீட்டரைச் சுற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது உடம்பு. பெயின்ட் கனம் பார்க்கும் கையடக்கக் கருவியைப் பலகை பலகையாக வைத்துக்கொண்டே வர வேண்டும். கம்பெனி பெயின்ட் என்றால் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். பானெட், மேற்கூரை எல்லாம் 120 என்று வந்துகொண்டிருந்த எண், பின் சக்கர வளைவில் 400, 600 என்று குதித்தால் கீழே பட்டி இருக்கிறது. டிங்கரிங் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மைக்ரானை ஏமாற்ற முடியாது. கண்ணுக்குத் தெரியாத சின்ன உரசலுக்கு ‘டச்-அப்’ செய்திருந்தால் பெரிய பாதகமில்லை. தூணிலும் சேஸிஸ் மூட்டுகளிலும் வெல்டிங் தெரிந்தால், எந்தக் கம்பெனிச் சான்றுக்கும் அந்தக் கார் தகுதி இழந்துவிடும்.

டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஏழு வருட ரப்பர் 200 கிலோமீட்டர் வேகத்துக்கு லாயக்கில்லை. போர்ஷே தன் கார்களுக்கென ஒப்புதல் கொடுத்த டயர்களில் N என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். அந்தக் குறி இல்லாத டயர் மாட்டியிருந்தால் சான்று தர மறுப்பார்கள். அல்லது நான்கையும் மாற்றிவிட்டு அந்தச் செலவை விலையில் ஏற்றுவார்கள்.

கடைசியாக, அலங்காரம். சத்தத்துக்காக மாற்றிய சைலென்ஸர், கூடுதல் குதிரைசக்திக்காக எஞ்சின் கணினியில் ஏற்றிய ‘ரீமேப்’, தாழ்த்திய ஸ்ப்ரிங் ஆகியவை இளைஞர்களுக்குப் பெருமை. கம்பெனி வாரன்டிக்கு அவையே தடை. பழைய உரிமையாளர் லட்சங்களில் செலவழித்த அலங்காரம், அடுத்தவர் கையில் சான்று கிடைக்காத காராக வந்து சேர்கிறது.

இவ்வளவையும் தாண்டித்தான் வாரன்டி. அதிலும் சிறு எழுத்தைப் படிக்க வேண்டும். பிரேக் பேட், டயர், கிளட்ச் தட்டு போன்ற தேய்மானப் பொருள்கள் பொதுவாக அதில் வராது. சில வாரன்டிகள் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மட்டும் காக்கும். ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் இருக்கும். கம்பெனி கொடுக்கும் வாரன்டி அதன் எல்லா சர்வீஸ் சென்டரிலும் செல்லும். பல பிராண்டு விற்கும் கடை கொடுக்கும் வாரன்டி அந்தக் கடையின் வாசலோடு முடியலாம்.

மூன்றாவது சான்று: ஆர்.சி. யார் பெயரில்?

இதைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் கைமாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஃபாரம் 29, ஃபாரம் 30 என்று தரகர்கள் சொல்வது இதைத்தான். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் வேண்டும்.

‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்பதன் விலையை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது. நவீன் குமார் - விஜய் குமார் வழக்கு. 2007-ல் விற்ற கார், கை மேல் கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி. மட்டும் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே என்றது தீர்ப்பு. 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்தபோதும், போலீஸ் முதலில் போய் நின்றது, அதை எப்போதோ விற்றுவிட்டிருந்த பழைய உரிமையாளர் வீட்டில்தான்.

இன்ஷூரன்ஸையும் உடனே மாற்ற வேண்டும். விற்றவரின் பாலிசியில் மூன்றாம் நபர் காப்பு கைமாறும். ஆனால் உங்கள் காருக்கான சேத இழப்பீடு, பாலிசி உங்கள் பெயருக்கு வராதவரை கைக்கு வராது. விற்றவரின் ‘நோ கிளெய்ம் போனஸ்’ அவரோடு போய்விடும். 50 சதவிகிதம் வரை தள்ளுபடியோடு அவர் கட்டிய பிரீமியத்தைப் பார்த்து நீங்கள் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள்.

செலவுக் கணக்கு

ஒரு கணக்குக்கு, டீலர் 36 லட்சத்துக்கு வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை 40 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம்.

ஜி.எஸ்.டி.: லாபமான 4 லட்சத்துக்கு மட்டும் 18 சதவிகிதம், அதாவது 72,000 ரூபாய். 40 லட்சத்துக்கும் வரி போட்டு பில் நீட்டினால் கேள்வி கேளுங்கள். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய கார்களுக்கு 18 சதவிகிதம் என்று அறிவித்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. அது சின்னக் கார்களுக்கு இருந்த 12-ஐ ஏற்றியதுதான். பெரிய எஞ்சின் கார்களுக்கு முன்பே 18. தனிநபர் தன் காரைத் தனிநபருக்கு விற்றால் இந்த வரியே கிடையாது.

டி.சி.எஸ்.: 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் 1 சதவிகிதம் பிடிப்பார். சுமார் 40,000 ரூபாய். வருமான வரிக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளலாம். இன்னொன்று: 2 லட்சம், அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ‘பாதி கேஷ் கொடுங்க, விலை குறைக்கலாம்’ என்ற பேச்சு வந்தால் எழுந்துவிடுவது உத்தமம். பில்லில் விலை குறைந்தால், நாளை நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் கேட்கக்கூடிய தொகையும் குறையும்.

பெயர் மாற்றம்: மத்திய விதிப்படி காருக்கு 300 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 2,500 ரூபாய். மாநில சேவைக் கட்டணம் தனி. ‘ஆர்.டி.ஓ. செலவு’ என்று டீலர் எழுதும் தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஏஜென்ட் கூலி.

சாலை வரி: ஸ்போர்ட்ஸ் காருக்கு இதுதான் பெரிய பள்ளம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவிகிதம். வெளிமாநில வண்டியை இங்கே மாற்றினால், அதன் வயதுக்கேற்ற ஆயுள் வரி கட்ட வேண்டும். புதுச்சேரி நம்பர் கார் சென்னையில் மலிவாகக் கிடைப்பதற்கும், டெல்லி கார் லாரியேறி தெற்கே வருவதற்கும் உள்ள கவர்ச்சி, இந்த வரியைக் கூட்டியதும் பெரும்பாலும் கரைந்துவிடும். ஏற்கெனவே தமிழ்நாட்டுப் பதிவு உள்ள கார் இரண்டு லட்சம் கூடுதல் என்றாலும் மலிவாக முடியலாம்.

வயது: 15 ஆண்டு தாண்டினால் ஆர்.சி.யைப் புதுப்பிக்கக் காருக்கு 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 40,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு இவை 10,000, 80,000 ஆகிவிட்டன. ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை முழுதாக இறக்குமதியானவை என்பதால் பெரிய எண்ணையே கணக்கில் வையுங்கள்.

இவற்றோடு சான்றின் சொந்தச் செலவு: பரிசோதனைக் கூலி, மாற்றிய டயர், பிரேக், பேட்டரி, வாரன்டி பிரீமியம், ரோட்சைடு உதவி, கார் விற்கும்வரை டீலர் கட்டும் வட்டி. இது தனி வரியாக பில்லில் வராது. விலைக்குள் கரைந்திருக்கும். சான்றுள்ள காருக்கும் இல்லாத காருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை எடுத்து, அதற்கு ஈடாக என்ன மாற்றினார்கள், எத்தனை மாத வாரன்டி என்று எழுதிக் கேட்டால், முத்திரைக்கு நீங்கள் கொடுக்கும் விலை தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. காரின் விலை பாதியாகலாம். அதன் உதிரி பாகத்தின் விலை பாதியாவதில்லை. கோடி ரூபாய்க் காருக்கு விலை வைத்த பிரேக் டிஸ்க், 40 லட்சத்துக்கு வாங்கியவருக்கும் அதே விலைதான்.

கடல் காற்றும் வெள்ளமும்

வடசென்னையில் நின்ற காருக்கு எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இல்லாத இரண்டு அம்சங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது உப்புக் காற்று. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலை ஒட்டி நிற்கும் எந்த வண்டிக்கும் அடிப்பாகம்தான் முதலில் பேசும். லிஃப்டில் ஏற்றி, பிரேக் குழாய், எக்ஸாஸ்ட் மூட்டு, வயரிங் கனெக்டர்களில் பச்சைப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ‘கம்மியா ஓடின வண்டி’ என்பது இங்கே பாராட்டில்லை. ஓடாமல் கடலோரம் நின்ற கார், ஓடிய காரைவிட மோசமாகத் துருப்பிடித்திருக்கும்.

இரண்டாவது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நகரம் மூழ்கியது. மிக்ஜாமின்போது திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாகப் படுத்திருப்பது; சாதாரண காருக்கு முட்டளவு என்றால் இதற்கு சீட் அளவு. சீட்டுக்குக் கீழே, கார்ப்பெட்டுக்கு அடியில் மின்னணுப் பெட்டிகள் இருக்கும் கார்கள் பல. அவை உடனே சாகாது; மாதக்கணக்கில் மெல்லச் சாகும். சீட் பெல்ட்டை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். நாடாவின் அடி நுனியில் சேற்றுக் கோடு இருந்தால், நூற்றுப் பதினொரு அம்சமும் வேண்டாம், திரும்பிவிடலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று ஏலம் விட்ட கார்கள் பளபளவென்று திரும்பி வருவதுண்டு. கிளெய்ம் வரலாற்றைக் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

‘போர்ட்ல இறங்கின வண்டி’

துறைமுகப் பகுதியில் இன்னொரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: ‘வெளிநாட்டு யூஸ்டு கார், நேரா போர்ட்ல இறங்கினது.’ வெளிநாட்டில் ஓடிய பழைய காரை வணிகமாக இறக்குமதி செய்ய மத்திய அரசின் வெளிவர்த்தகக் கொள்கை கடுமையான வரம்பு வைத்திருக்கிறது. மூன்று வயதுக்கு மேல் கூடாது, வலது பக்க ஸ்டீயரிங் வேண்டும், அதுவும் மும்பை துறைமுகம் வழியாக மட்டும். வெளிநாட்டில் குடியிருந்து திரும்புவோர் போன்றவர்களுக்குத் தனி விதிவிலக்கு உண்டு. சுங்க வரியோ காரின் விலையையே தாண்டும். காமராஜர் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் கார் ஏறலாம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கடைக்காரருக்காக அங்கே இறங்க வழியில்லை.

வரியைத் தாண்டிக் குதித்த கார்களின் கதையைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. இறக்குமதிச் சொகுசுக் கார்களில் வரி ஏய்ப்பு நடந்ததாக எழுந்த வழக்கில் 2013 மார்ச் 21 அன்று சி.பி.ஐ. சென்னையில் பல இடங்களில் சோதனை போட்டது. தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து விலகி இரண்டே நாள் ஆகியிருந்த நிலையில், மு.க.ஸ்டாலின் வீட்டுக்கும் அதிகாரிகள் போனதால் அது பெரும் அரசியல் செய்தியானது. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாக வந்த கார்களைத் தேடி கேரளத்தில் சுங்கத் துறை நடத்திய ‘நும்கோர்’ நடவடிக்கையிலும் நடிகர்கள் வீடுகள் வரை சோதனை போனது. இரண்டிலும் பாடம் ஒன்றே: கார் எத்தனை கை மாறியிருந்தாலும், சுங்கத் துறை வருவது இப்போது அது நிற்கும் வாசலுக்குத்தான். இறக்குமதிக் கார் என்றால் சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி நகல் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சண்டை வந்தால்?

டீலரிடம் வாங்குவதன் உண்மையான லாபம் இங்கேதான். தனிநபர் தன் காரை ஒரு தடவை விற்றால், அவர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, சிவில் வழக்குதான். டீலர் என்றால் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். 40 லட்ச ரூபாய் காருக்குப் புகார்க் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்னை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். டீலர் குருகிராமில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்பது இந்தச் சட்டம் தந்த வசதி. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் முறையிட்டும் பார்க்கலாம்.

ஆனால் ஆணையம் கேட்பது காகிதத்தை. ‘கண்டிஷன் சூப்பர்னு சொன்னாங்க’ என்பது அங்கே எடுபடாது. வாங்கும் நாளிலேயே கையில் இருக்க வேண்டியவை:

டீலரின் 29பி அங்கீகார எண். கையெழுத்திட்ட பரிசோதனைப் பட்டியல், அதோடு எஞ்சின் கணினியின் அச்சுப்பிரதி. எது சேரும், எது சேராது, உச்சவரம்பு எவ்வளவு என்று எழுதிய வாரன்டி. மீட்டர் அளவு, விபத்து, வெள்ளம் பற்றி டீலர் எழுத்தில் தரும் உறுதிமொழி. பெயர் மாற்றத்துக்கான கெடு தேதியும், அதுவரை நிறுத்திவைக்கும் ஒரு தொகையும். முழு விலைக்கான பில்.

இவற்றோடு, டீலருக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், முடிந்தால் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரிலேயே, உங்கள் செலவில் ஒரு பரிசோதனை. ‘வெளியே காட்டணும்னா அட்வான்ஸ் போடுங்க’ என்பவரிடம் திருப்பித் தரும் நிபந்தனையை எழுதி வாங்கிக்கொண்டு போடுங்கள். எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் பதிவு, கடன், இன்ஷூரன்ஸ் விவரம் தெரிந்துவிடும். அதற்குக் காசு கிடையாது.

இந்த ஆறு காகிதங்களையும் தருகிற டீலர் இரண்டு மூன்று லட்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம். அது பொறுப்பேற்பதற்கான விலை. முத்திரையை மட்டும் காட்டி அதே தொகையைக் கேட்டால், அதே காரை ஒரு தனிநபரிடம் வாங்கி, மிச்சமாகும் லட்சங்களைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கிவைப்பதே புத்திசாலித்தனம். அரசும் ஒரு காரியம் செய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற டீலர் யார், எப்போது காலாவதி, அவர் கையில் இப்போது எந்த வண்டிகள் இருக்கின்றன என்பதைச் செல்போனில் தட்டிப் பார்க்கும்படி பொதுவில் வைக்க வேண்டும். லட்சக்கணக்கில் ஆயுள் வரி கட்டும் வாங்குபவர் இதைக் கேட்பது, சலுகையை இல்லை, உரிமையை.